சுவநாரி கிளினிக்: சோதனை நல்லது, விளக்கம்தான் போதாது

35 வயதானால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பெப் சோதனைக்கு வாங்க என்று மிட்வைஃப் மிஸ் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போகிறார், ஆனால் எங்கள் தோட்டத்தில் போனவர்களை எண்ணினால் கையில் விரல் மிஞ்சும். நுவரெலியா மாவட்டத்தில் எங்கள் பகுதி சுவநாரி கிளினிக்குக்கு, அதாவது பெண்கள் நலக் கிளினிக்குக்கு, நானும் அண்ணியும் போய்வந்தோம், தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் அக்கா தங்கச்சிமாருக்காக எழுதுகிறேன்.

சோதனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரஷர், சீனி, எடை பார்த்தார்கள், மார்பில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள், அப்புறம் திரைக்குப் பின்னால் கட்டில். பெண் டொக்டர்தான். உள்ளே வைக்கும் கருவி ஜில்லென்று இருந்தது, "இறுக்க வேணாம், மூச்சை விடுங்க" என்றார், கர்ப்பப்பை வாயைச் சின்னக் குச்சியால் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவினார், அவ்வளவுதான். கொஞ்சம் கூச்சம், வலி என்று சொல்ல முடியாது. ஒரு சதம் செலவில்லை.

ஆனால் அண்ணி வாசல்வரை வந்தும் தயங்கினார். "எனக்குத்தான் வெள்ளைபடுதல்கூட இல்லையே, இதுக்குப் போனா லயத்துல என்ன பேசுவாங்க?" இந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல அங்கே யாருமில்லை, அதுதான் என் பெரிய மனக்குறை. இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் எச்.பி.வி. வைரஸால் வருவது, உடலுறவில் தொற்றும், புருஷன் ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவளுக்கும் தொற்றலாம், அதில் மானக்கேடு எதுவும் இல்லை. பலருக்குத் தானாகப் போய்விடும், தங்கிவிட்டால் புற்றாக மாறப் பல வருஷம் பிடிக்கும், நோய்க்குறி எதுவும் தெரியாத அந்தக் காலத்திலேயே கண்டுபிடிக்கத்தான் சோதனை. 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் போடும் ஊசியும் இதே வைரஸுக்குத்தான், சம்மதக் கையெழுத்துப் போட்ட தாய்மார் பலருக்கே இது தெரியாது. வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் இதை எல்லோருக்கும் தமிழில் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று, கிளினிக் வார நாள் காலையில், கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போச்சு. தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் அரை நாள் கிளினிக் வைத்தால் எவ்வளவு பேர் வருவார்கள்!

மாதவிலக்கு நாளில் போகாதீர்கள். ரிசல்ட் வர வாரக்கணக்காகும், ஃபோன் நம்பரைச் சரியாகக் கொடுங்கள். மாற்றம் இருக்கிறது என்று வந்தால் உடனே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி மேலும் பார்ப்பார்கள், அந்தத் திகதியை மட்டும் தவறவிடாதீர்கள்.