வெள்ளம் வடிந்த வீட்டைத் திருத்த ஆள் பிடிக்கிறவர்கள் ஒருக்கால் இதை வாசியுங்கள்

மழை பிடித்துவிட்டது. கனகராயன் ஆற்றங்கரைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இனி ஒவ்வொரு இரவும் அரைத் தூக்கம்தான். வெள்ளம் வந்தால் எங்கே போவது, எதைக் கையில் எடுப்பது என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். தண்ணீர் வடிந்த மறுநாள் மோட்டார்சைக்கிளில் வந்து படலையில் நின்று, "அக்கா, வீட்டுவேலை ஏதும் இருக்கோ?" என்று கேட்கிறவர்களைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. எனக்கு நடந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

2018 டிசம்பர் 21 இரவு. கிளிநொச்சி இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகளைத் திறந்தார்கள். விடியும்போது முரசுமோட்டைப் பக்கம் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நானும் அம்மாவும் பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டோம். இவர் கத்தாரில். ஐந்தாம் நாள் திரும்பி வந்து பார்த்தால், வீட்டுக்குள் சாண் உயரத்துக்குச் சேறு. சுவரில் இடுப்பு மட்டத்தில் கோடு கீறின மாதிரி ஒரு மண்ணிறத் தடம். நெல்லு மூட்டை ஊறி மணத்தது.

அடுத்த நாளே அந்த ஆள் வந்தான். முப்பது வயதிருக்கும், நல்ல மரியாதையான பேச்சு. அம்மாவைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அக்கா. பூச்சு, பெயின்ற், வயரிங், கதவு எல்லாம் என்ர பொடியளே செய்வாங்கள். பொங்கலுக்கு முதல் வீட்டைப் புதுசாக்கித் தாறன்." மொத்தம் 1,85,000 ரூபாய். சாமான் வாங்க முற்பணம் 1,20,000. இவருக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டேன். பிள்ளைகள் ஈரத்தில் படுக்கக் கூடாது, குடு என்றார். கொடுத்தேன். கொடுத்த காசுக்கு ஒரு துண்டுகூட எழுதி வாங்கவில்லை.

இதில் என்னை இன்றைக்கும் வருத்துகிற விஷயம் ஒன்று உண்டு. அந்த வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது. 5,50,000 ரூபாயை அவர்கள் ஒரேயடியாகத் தரவில்லை. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை நடந்ததை வந்து பார்த்துப் பார்த்துத்தான் கட்டம் கட்டமாகத் தந்தார்கள். காசை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அந்த வீடே எனக்குக் காட்டியிருந்தது.

வேலை பதினைந்து நாளில் முடிந்தது. சேற்றை வழித்தார்கள், கழுவினார்கள், கழன்ற பூச்சுக்கு மேல் புதுப்பூச்சு, அதற்கு மேல் புட்டி, அதற்கு மேல் இளநீலப் பெயின்ற். பொங்கலன்று முற்றத்தில் பானை வைக்கும்போது வீடு உண்மையிலேயே வடிவாக இருந்தது. மிச்சக் காசையும் அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.

தை மாதம் முடியவில்லை. ஒரு காலை அம்மா வெறுங்காலோடு குசினியில் ஈர நிலத்தில் நின்று குளிர்சாதனப் பெட்டியின் கைபிடியைத் தொட்டார். "ஐயோ" என்ற சத்தம் கேட்டு ஓடினேன். கையை இழுத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நிற்கிறார், உதடு நடுங்குகிறது. கறன்ற் அடித்திருக்கிறது. 71 வயது மனுஷி. கறன்ற் கசிந்தால் தானாக விழ வேண்டிய ட்ரிப் சுவிட்ச் விழவில்லை.

பின்வீதியில் தொழில்நுட்பக் கல்லூரியில் வயரிங் படித்த பொடியன் ஒருவன் இருக்கிறான். அவனைக் கூப்பிட்டேன். அவன் முதலில் செய்தது ஒரே ஒரு வேலைதான். ட்ரிப் சுவிட்சில் 'ரி' என்று எழுதிய சின்னப் பொத்தானை அமத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. "இது உடனே விழவேணும் அக்கா" என்றான். மெயினை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றினான். சுவிட்சுக்கு வருகிற வயர்களையும் அதிலிருந்து போகிற வயர்களையும் கழற்றி, சுவிட்சை விட்டு நேரே ஒன்றோடு ஒன்று முறுக்கி, கறுப்பு ரேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டிருந்தார்கள். ட்ரிப் சுவிட்ச் வெறும் பெட்டியாகத்தான் அதில் இருந்தது.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்று அவன் விளங்கப்படுத்தினான். தண்ணீர் நின்ற வீட்டில் பிளக் பெட்டிகளுக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் ஈரம் இருக்கும். கறன்ற் கசியும். கசிந்தால் ட்ரிப் விழும். வீடுகளில் போடுகிற சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழுகிற மாதிரிச் செய்தது, ஆளைக் காப்பாற்றத்தான் அது இருக்கிறது. கசிவைத் தேடித் திருத்த நேரம் எடுக்கும். அதனால் விழுகிற சுவிட்சையே வெட்டிவிட்டார்கள். பிறகு குசினிப் பிளக்கைக் கழற்றிக் காட்டினான். வெளியில் புது வெள்ளை மூடி. உள்ளே காய்ந்து வெடித்த சேறு, அதற்குள் செத்த எறும்புகள், பச்சை பூத்த செப்புக் கம்பி. பழைய பெட்டிக்குப் புது மூடி போட்டு, புது வயரிங் என்று என்னிடம் 38,000 வாங்கியிருக்கிறார்கள். காசு போனது போகட்டும். பிள்ளைகள் அந்தக் குளிர்சாதனப் பெட்டியைத்தான் நாளுக்குப் பத்துத் தரம் திறந்தவை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்கும்.

மாசியில் சுவர் தொடங்கியது. பெயின்ற் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் அமத்தினால் தண்ணீர் கசிந்தது. உடைந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. வட்டக்கச்சியில் இருந்து ஒரு மேசன் ஐயாவைக் கூட்டிவந்து காட்டினேன். அறுபது தாண்டியவர். தட்டிப் பார்த்துக்கொண்டே போனவர், "சுவர் குடிச்ச தண்ணியைக் கெதியில விடாது பிள்ளை. நீங்கள் அதின்ர வாயைக் கட்டிப் போட்டியள்" என்றார். சீமெந்துக் கல்லுக்குள் போன தண்ணீர் வெளியேற வாரக்கணக்கு, சில வேளை மாதக்கணக்கு எடுக்குமாம். அதற்குள் புட்டியும் பெயின்றும் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுப் பிறகு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வருமாம். காய்ந்ததா என்று பார்க்க அவர் காட்டிய வழி சுகமானது. ஒரு முழச் சதுரத்துக்குப் பொலித்தீன் வெட்டி, சுவரில் வைத்து நாலு பக்கமும் காற்றுப் போகாமல் ரேப் ஒட்டி, ஒரு பகலும் இரவும் விட வேண்டும். எடுக்கும்போது உள்பக்கம் வியர்த்திருந்தால் அல்லது சுவர் கறுத்திருந்தால் இன்னும் பொறுங்கள். உப்பைக் காய்ந்த தூரிகையால்தான் தட்ட வேண்டும், கழுவினால் திரும்ப உள்ளேதான் போகும் என்றும் சொன்னார். பங்குனி வெயில் முழுக்க யன்னல்களைத் திறந்து போட்டு, சித்திரை கடைசியில்தான் அவர் பூச்சுக்குக் கை வைத்தார். ஒவ்வொரு அறையும் முடிந்த பிறகுதான் காசு கேட்டார்.

சீமெந்துக் கணக்கையும் அப்போதுதான் பார்த்தேன். 22 பை என்று முதல் ஆள் துண்டு தந்திருந்தான். வெற்றுப் பைகளை அம்மா மாட்டுக் கொட்டிலில் விரிக்க எடுத்து வைத்திருந்தார். எண்ணினால் ஒன்பது. மணலும் அப்படித்தான். மூன்று கியூப் என்றான். ஒரு கியூப் என்றால் 100 கன அடி. மணல் ஏற்றிவருகிற இழுவைப் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை அடியில் அளந்து பெருக்கிப் பார்த்தால் பிடிபடுகிற கணக்கு இது. உழவு மெசின் வந்து கொட்டும்போது நான் வெளியே போய்ப் பார்க்கவில்லை. அந்த மணலில் கொஞ்சத்தை மேசன் ஐயா கண்ணாடிப் போத்தலில் போட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தார். அடங்கியதும் மணலுக்கு மேல் இரண்டு விரல் தடிப்புக்குச் சேறு. அதைத்தான் சுவரில் பூசியிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக் கிணற்றையும் இதே ஆட்கள்தான் இறைத்தார்கள். சுற்றி நிலம் முழுக்க ஊறிக் கிடக்கிறபோது, பம்ப் வைத்து ஒரே நாளில் அடிமட்டம் வரை இறைத்ததில் ஒரு பக்கக் கட்டு உள்ளே சரிந்தது. நிலத்துத் தண்ணீர் இறங்கும் வரை பொறுத்து, மெதுவாக இறைத்து, பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் போடுவியுங்கள்.

அந்த ஆளின் ரெலிபோன் ஒரு மாதத்தில் நின்றுவிட்டது. இணக்க சபைக்குப் போனேன். அவன் வரவில்லை. இணக்கம் காண முடியவில்லை என்று சான்றிதழ் தந்தார்கள், அதை வைத்து நீதிமன்றம் போகலாம். ஆனால் என்னிடம் இருந்தது சீமெந்துக்கு அவன் எழுதிய அந்த ஒரு துண்டு மட்டும், அதில் கையெழுத்தும் இல்லை. அதனால் கேட்கிறேன், யாரை வைத்து வேலை செய்வித்தாலும் அடையாள அட்டையைப் படம் எடுங்கள். என்ன வேலை, எவ்வளவு, எப்போது என்று ஒரு கொப்பித்தாளிலாவது எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். சேறு இருக்கும்போதே வீட்டை மூலைக்கு மூலை படம் எடுங்கள். வயரிங் முடிந்தால் அந்தச் சின்னப் பொத்தானை உங்கள் விரலாலேயே அமத்திப் பாருங்கள். விழாவிட்டால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

ஒன்றை இன்னும் சொல்லவில்லை. வாசல் கதவு. மாமா வவுனியாவில் தச்சரிடம் சொல்லிச் செய்வித்துத் தந்த முதிரைக் கதவு. "உக்கிப்போச்சு அக்கா, இனிச் சரிவராது" என்று கழற்றிக்கொண்டு போய், பலகை ஒட்டிய லேசான கதவு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். அடுத்த மாரியிலேயே அது உப்பி வெடித்தது. ஐந்து நாள் தண்ணீரில் முதிரை உக்காது. மேசன் ஐயா சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

இரட்டைக் கதவு. மேல் பலகைகளில் ஒவ்வொரு தாமரை. இடப்பக்கக் கதவின் உள்பக்கத்தில், கீழிருந்து இரண்டடி உயரத்தில், என் மூத்தவன் நாலு வயதில் ஆணியால் கீறிய ஒரு மாட்டுவண்டி இருக்கும். ஒரு சில்லு பெரிது, மற்றது சின்னது. எங்காவது ஒரு வீட்டில், மரக்காலையில் கண்டால் சொல்லுங்கள். வாங்கினவரோடு எனக்குக் கோபமில்லை, அவர் கொடுத்த விலையை நான் கொடுப்பேன்.