சின்ன எழுத்துக்கு ஓட்டு விழாது

குழுவாகச் சேர்ந்து இணையத்தில் எழுதும் பலகையான கூகுள் ஜேம்போர்டு 2024 டிசம்பர் 31-உடன் மூடப்பட்டதிலிருந்து மாற்று தேடி அலையும் நண்பர் ஒருவர், "நீங்கள் பயன்படுத்தும் ஒயிட்போர்டை வாங்கலாமா?" என்று கேட்டார். எல்லையில்லாத பலகை, டெம்ப்ளேட், வாக்கெடுப்பு என மற்றவற்றில் இருப்பதெல்லாம் இதிலும் உண்டு. அதை விலைப்பட்டியலிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்கணக்கில் நான் மல்லுக்கட்டுவது ஒன்றோடுதான்: கருத்தை எழுதிப் பலகையில் ஒட்டும் சீட்டில், அதாவது ஸ்டிக்கி நோட்டில், தானாகச் சுருங்கும் எழுத்து.

சீட்டின் அளவு மாறாது. எழுத எழுத எழுத்துதான் சிறுத்துக்கொண்டே போகும். "வேகம் போதாது" என்று எழுதியவரின் சீட்டு பலகையின் மறுகோடியிலிருந்தே கண்ணில் அறையும். "ரசீது தாமதமாக வருவதால் வாடிக்கையாளர் பணம் போகவில்லை என்று நினைத்து மறுபடியும் பொத்தானை அழுத்துகிறார்" என்று காரணத்தோடு எழுதியவரின் சீட்டில் எறும்பு ஊர்ந்த தடம்தான் தெரியும். பிறகு எந்தக் கருத்து முக்கியம் என்று வாக்கெடுப்பு. டைமர் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சீட்டாக ஜூம் செய்து படிக்க யாருக்குப் பொறுமை? முழுப் பலகையும் திரையில் அடங்கும்படி வைத்துக்கொண்டு வாக்களிப்பார்கள். எது ஜெயிக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

காகிதத்தில் இந்த வம்பு குறைவு. மூன்று அங்குலச் சதுரத்தில் தடித்த மார்க்கரால் எழுதினால் ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் இடமிருக்காது. எழுதுகிறவரே யோசித்துச் சுருக்கியாக வேண்டும். இங்கே அந்த வேலையை மென்பொருள் எடுத்துக்கொண்டு, கருத்தை விட்டுவிட்டு எழுத்தைச் சுருக்குகிறது. அளவை நிலையாக வைக்கவும் வழி இருக்கிறது, சீட்டுச் சீட்டாக. அடுத்தவர் புதிதாக ஒன்றை ஒட்டினால் பழைய கதைதான்.

திட்டிக்கொண்டே இருந்தால் நியாயமாகாது. அவரவர் பெயரைச் சுமந்துகொண்டு பலகையில் உலவும் கர்சர்களுக்காக இதை எத்தனையோ முறை மன்னித்திருக்கிறேன். எங்கள் குழுவில் மைக்கைத் திறக்கவே தயங்கும் ஒருவர் உண்டு. ஒரு கூட்டத்தில் அவருடைய கர்சர் ஒரே சீட்டை வட்டமடித்தது, விலகியது, திரும்பி வந்து நின்றது. "அதில் ஏதோ இடிக்கிறதா?" என்று கேட்டோம். அடுத்த பத்து நிமிடமும் அவர்தான் பேசினார், திட்டமே மாறியது. வீடியோ அழைப்பில் வரிசையாகத் தெரியும் முகங்களில் இந்தத் தயக்கத்தை யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். எல்லோரும் எழுதி முடிக்கும்வரை சீட்டுகளை மறைத்து வைக்கும் வசதியும் அருமை. முதலில் பேசுகிறவர் பின்னால் மற்றவர்கள் போவது அதோடு நின்றது.

இவ்வளவு சொன்ன பிறகும், நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். எக்ஸ்காலிட்ரா என்ற இணைய ஒயிட்போர்டே போதும். திறந்த மூல மென்பொருள். கட்டத்துக்குள் எழுதினால் எழுத்து சுருங்காது, கட்டம் வளரும். பெயரோடு கர்சர்களும் தெரியும். வாக்கெடுப்பு இல்லையே என்றால், இப்போது நான் இருக்கும் மனநிலையில் அதையும் நல்லதென்றே சொல்வேன்.

நான் மட்டும் இந்த மாதம் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். பழைய பலகைகளை வெளியே எடுத்தால் பிடிஎஃப் ஆகத்தான் வருகின்றன. அதில் ஒரு சீட்டைக்கூட நகர்த்த முடியாது.