ஃபென்பான் சைக்கிள் பாதை: ரயில் விட்டுப்போன 125 கிலோமீட்டர்

எனக்கு வயது ஐம்பத்து நான்கு. இடது முழங்காலில் தேய்மானம். மாடிப்படி ஏறாதீர்கள் என்று மருத்துவர் சொன்னார். சைக்கிள் ஓட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. அந்தச் சந்தில் புகுந்துதான் போன செப்டம்பரில் தம்பியுடன் மூன்று நாள் ஃபென்பானில் சைக்கிள் மிதித்துவிட்டு வந்தேன். ஒரு பாதைக்கெல்லாம் மதிப்புரையா என்று தம்பி சிரித்தான். செருப்புக்கு எழுதுகிறார்கள், பாதைக்கு எழுதக்கூடாதா?

ஜெர்மனியின் ஆஹன் நகரில் தொடங்கி, பெரும்பகுதி பெல்ஜியத்துக்குள் ஓடி, லக்சம்பர்க்கின் வடமுனையில் த்ருவாவியேர்ஜ் என்ற சிற்றூரில் முடிகிறது இந்தப் பாதை. மொத்தம் 125 கிலோமீட்டர். நுழைவுக் கட்டணம் இல்லை, வாசல் இல்லை, கேட்க ஆளும் இல்லை. 1880களில் பிரஷ்ய அரசு நிலக்கரியும் இரும்புத்தாதும் கொண்டுபோகப் போட்ட ரயில்பாதை இது. கடைசியாகச் சுற்றுலா ரயில் ஓடியது 2001 வரை. பிறகு தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டு, 2013இல் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் திறந்துவிட்டார்கள்.

ரயில் போன தடம் என்பதுதான் முழங்கால்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. சரக்கு இழுக்கும் நீராவி எஞ்சினுக்குச் செங்குத்து ஏற்றம் ஆகாது. அதனால் மேட்டைக் கண்டால் வெட்டியிருக்கிறார்கள், பள்ளத்தைக் கண்டால் கரை எழுப்பியிருக்கிறார்கள், இரண்டும் முடியாத இடத்தில் வளைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சுற்றிலும் நிலம் அலை அலையாக ஏறி இறங்குகிறது. நம் சக்கரத்தின் கீழ் மட்டும் அது அடங்கிக் கிடக்கிறது. சரிவு சுமார் இரண்டு சதவீதத்தைத் தாண்டுவதில்லை.

ஆனால் அந்த இரண்டு சதவீதம் விடாமல் வரும். ஆஹனிலிருந்து கிளம்பினால் சூர்ப்ரோட் பக்கத்து உச்சிவரை, ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், ஏற்றம்தான். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ரோட்கெனைத் தாண்டியதும் தம்பி மூச்சு வாங்கியபடி கேட்டான்: "அக்கா, ஏறுகிறோமா, சமமாகத்தான் போகிறோமா?" எனக்கும் தெரியவில்லை. இறங்கி, சைக்கிளை நேராக நிறுத்தி, பிரேக்கை விட்டுப் பார்த்தேன். ஒரு கணம் யோசித்துவிட்டு அது மெல்லப் பின்னால் உருளத் தொடங்கியது. தெரிந்ததும் அவனுக்கு நிம்மதி. அதுவரை தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருக்கிறான்.

ஆகவே முதல் அறிவுரை: நாங்கள் செய்ததைச் செய்யாதீர்கள். த்ருவாவியேர்ஜில் தொடங்கி ஆஹனில் முடியுங்கள். அந்தத் திசையிலும் ஏற்றம் உண்டு, ஆனால் குறைவு. கடைசி நாள் உச்சியிலிருந்து ஆஹன்வரை அனேகமாக இறக்கம்.

இனி எல்லை விவகாரம். முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் ஒப்பந்தப்படி இந்த ரயில்பாதை பெல்ஜியத்துக்குப் போனது. பாதை மட்டும்! இருபுறமும் ஜெர்மனியாகவே இருந்த இடங்களில் நடுவே ரிப்பன் போலப் பெல்ஜியம் ஓடியது. ரிப்பனுக்கு மேற்கே மாட்டிக்கொண்ட நிலங்கள் ஜெர்மனியின் தீவுகளாயின. ரயில் நின்ற பிறகும் அந்த ஏற்பாடு மாறவில்லை. இன்றும் அப்படி ஐந்து தீவுகள் இருக்கின்றன. அவற்றில் கோன்சென் அருகே உள்ள ரூக்‌ஷ்லாக் ஒரே ஒரு வீடும் அதன் தோட்டமும்தான். தம்பி இதில் முழுதாக மூழ்கிவிட்டான். குறுக்குச் சாலை வரும்போதெல்லாம் நின்று கார்களின் எண் பலகையைப் பார்ப்பான்: வெள்ளையில் கறுப்பு எழுத்து என்றால் ஜெர்மனி, சிவப்பு எழுத்து என்றால் பெல்ஜியம். எனக்குக் காது போதுமாக இருந்தது. எதிரில் வருகிறவர்கள் காலையில் "மோர்கன்" என்றார்கள். சூர்ப்ரோட், வேம் பக்கம் "போன்ஜூர்" ஆனது. சாங்க்ட் ஃபித் வந்ததும் பெல்ஜியத்துக்குள்ளேயே மறுபடி ஜெர்மன்.

காட்சி என்று கேட்டால், முதல் இருபது கிலோமீட்டர் இனிமை: கோர்னெலிமுன்ஸ்டரின் பழைய மடாலயம், பள்ளத்தாக்கின்மேல் செல்லும் ரயில் பாலம், காட்டோரம் வரிசையாகப் பதித்த கான்கிரீட் பற்கள். ஹிட்லர் காலத்தில் டாங்கிகளைத் தடுக்க நட்டவை அவை; இப்போது பாசி படர்ந்து, ஆடு மேயும் வேலியைப் போல நிற்கின்றன. மேலே போகப் போகக் காடு அடர்த்தி. இருபுறமும் ஸ்ப்ரூஸ் மரங்கள். கீழே வெளிச்சம் பச்சையாக வடிகிறது. பாதைக்குப் பெயர் கொடுத்த ஃபென் சதுப்பு மேட்டுநிலம் பக்கத்தில் இருப்பதைக் கண்ணுக்கு முன் மூக்கு சொல்லிவிடும்: ஊறிய இலையும் ஈரக் கரியும் சேர்ந்த ஒரு வாசனை. அங்கே காற்று சும்மா இருப்பதில்லை. கால்டர்ஹெர்பெர்க் பக்கத்து வீடுகள் மேற்கு முகமாகப் பீச் மர வேலியை கூரை உயரத்துக்கு வளர்த்து வைத்திருக்கின்றன. அந்தக் காற்றை எதிர்த்து மிதித்த பிறகுதான் வேலியின் உயரம் எனக்குப் புரிந்தது.

மோன்ஷாவ் ஊரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மரச்சட்ட வீடுகள், ஆற்றங்கரை, 1882 முதல் இயங்கும் கடுகு ஆலை என்று எல்லாம் அழகு. ஆனால் ஊர் பாதையில் இல்லை, ஆழத்தில் இருக்கிறது. இறங்கும்போது பிரேக் கத்தும். திரும்பி ஏறும்போது நாம் கத்துவோம். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினேன், பையில் கூடுதலாக இரண்டு ஜாடி கடுகு விழுதுடன். அங்கேயே தங்குவதாக இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

பாதையின் தரத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. பெரும்பாலும் வழுவழுப்பான தார், இரண்டு சைக்கிள் பக்கத்தில் பக்கத்தில் போகும் அகலம். வாகனம் இல்லை என்ற பேச்சு ஏறக்குறைய உண்மை. குறுக்குச் சாலைகளில் மட்டும் முன்னுரிமை காருக்கே. மூன்று மணி நேரம் மரங்களோடு மட்டும் பழகிவிட்டு அங்கே வந்தால் மூளை கார்களை மறந்திருக்கும், கவனம். லக்சம்பர்க் எல்லையில் பழைய ரயில் சுரங்கம் இப்போது வௌவால்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. சைக்கிள்காரர்கள் குன்றைச் சுற்றி மேலே ஏறித்தான் போக வேண்டும். மூன்றாம் நாள் மாலை அந்த ஏற்றத்தில் நான் வௌவால்களைப் பற்றி நினைத்தது அச்சில் ஏறக்கூடியதல்ல.

குறை முழுவதும் வாடகைச் சைக்கிள் தந்த கடைமேல். சங்கிலியில் எண்ணெய் இல்லை என்பதைக் காடு முழுக்க அறிவித்துக்கொண்டே போனோம். வேமுக்கு முன்னால் என் பின்சக்கரம் பஞ்சர். வெட்டிப்போட்ட வேலிச் செடியின் முள். மாற்று டியூபும் பம்பும் கடை கொடுத்திருந்தது உண்மை. ஆனால் டியூபில் இருந்தது மெலிந்த பிரெஞ்சு வால்வு, பம்பின் வாயோ கார் வால்வுக்கானது. இருபது நிமிடம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது வந்த ஒரு வயதான தம்பதி நிறுத்தினார்கள். அந்த அம்மாள் தன் வால்விலிருந்தே சுண்டுவிரல் நகம் அளவுள்ள பித்தளைத் திருகு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். அதை மெலிந்த வால்வின்மேல் திருகினால் போதும், கார் பம்பு பொருந்திவிடும். திருப்பிக் கொடுக்கப் போனேன். வைத்துக்கொள்ளுங்கள் என்று கையால் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வாடகைக்கு எடுப்பவர்கள் கிளம்பும் முன் கடை வாசலிலேயே ஒருமுறை காற்றடித்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பாதீர்கள். ஜெர்மன் கடைகள் மூடியிருக்கும். முதல் நாள் மதியம் எங்கள் சாப்பாடு ஒரு பாக்கெட் பிஸ்கட்.

திரும்பும் வழி: லக்சம்பர்க்குக்குள் ரயிலும் பஸ்ஸும் 2020 முதல் இலவசம், சைக்கிளுக்கும் காசு இல்லை. நாங்கள் ஆஹனில் சைக்கிளை ஒப்படைக்க வேண்டியிருந்ததால் பெல்ஜியம் வழியாக லீஜ் போய் மாறினோம். அதற்கு ஆளுக்கும் சைக்கிளுக்கும் தனித்தனி டிக்கெட். கடையில் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவர், பின்சக்கர வால்வில் ஏதோ பித்தளையாக இருக்கிறதே என்று தொட்டார். அது என்னுடையது என்று சொல்லிக் கழற்றி எடுத்துக்கொண்டேன்.