பெயர்ப் பெட்டியில் புள்ளி வைத்தால் சிவக்கிற புக்கிங் போம்

திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் புதிதாக விடுதி திறக்கிற நண்பன் கேட்டான்: "மச்சான், உன்ர வெப்சைட்டில இருக்கிற புக்கிங் போமை நானும் வாங்கலாமோ?" பக்கத்து உப்புவெளியில் என் விடுதிக்குச் சில சீசன்களாக, ஆக்கள் அறை பதிகிற அந்தப் படிவத்தைத்தான் பாவிக்கிறேன். விலை, வசதிப் பட்டியல் எல்லாம் அதை விற்கிறவர்களின் தளத்திலேயே கிடக்கிறது. நான் பெயர்ப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

தமிழில் "உதய" என்று தட்டினால் பேசாமல் ஏற்கும். "உதயன்" என்றால் பெட்டி சிவந்து, "பெயரில் எழுத்துகள் மட்டுமே வரலாம்" என்று பாடம் எடுக்கும். கணினி எழுத்துகளை அடையாளம் காணும் ஒருங்குறியில் (யூனிகோட்) க, த, ய எல்லாம் எழுத்து வகை; மெய்ப்புள்ளியும் காலும் கொம்பும் குறி வகை. விதி எழுதியவர் முதல் வகையை மட்டும் அனுமதித்துவிட்டுப் போய்விட்டார். பிரெஞ்சுக்காரர் எழுத்தின் தலையில் கீற்றுப் போட்டால் அது ஒரே எழுத்தாகப் பதிவாகி உள்ளே போய்விடும். எங்கள் ஆக்களில் புள்ளியோ காலோ கொம்போ இல்லாத பெயர் யாருக்கு இருக்கிறது? சிங்களப் பெயருக்கும் இதே கதிதான். விதியைத் திருத்தி வைத்தாலும் அடுத்த அப்டேட்டோடு பழையது வந்து குந்திவிடும். கேட்டால், "ஆங்கிலத்தில் நிரப்பச் சொல்லுங்கள்" என்று பதில். மட்டக்களப்பிலிருந்து குடும்பத்தோடு வருகிற மனுசிக்கு நான் அதைச் சொல்ல வேணுமாம்!

மற்றப் பெட்டிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போன் இலக்கம் 077 என்று தொடங்கினாலும் +9477 என்று தொடங்கினாலும் வாங்கிக்கொள்ளும். 9 இலக்கத்தோடு ஆங்கில வீ வரும் பழைய அடையாள அட்டையும் செல்லும், 12 இலக்கப் புதியதும் செல்லும். தட்டி முடிக்குமுன் சிவக்காது. பிழை விட்டால் நிரப்பியதை அழிக்காது.

அனுப்புமுன் வருகிற உறுதிப்படுத்தும் பக்கத்துக்காகவே இதற்குக் காசு கொடுக்கலாம். 05/06 என்றால் ஒருவருக்கு ஜூன் 5, இன்னொருவருக்கு மே 6. இது மாதத்தை எழுத்தில், கிழமையோடு, எத்தனை இரவு என்பதையும் சேர்த்துக் காட்டிய பிறகே அனுப்ப விடும். கொழும்பில் இரவு பஸ் ஏறுகிறவர்கள் ஏறுகிற திகதியையே வருகிற திகதியாகப் போடுவார்கள். "வெள்ளி" என்று கண்டதும் தாங்களே சனிக்கு மாற்றுகிறார்கள். தங்காத இரவுக்குக் காசு எடுத்தாய் என்று விடியப்புறம் கேற்றடியில் நடக்கிற சண்டை இப்போது அரிது.

ஆனாலும் நண்பனுக்குச் சொன்னது, வாங்காதை. நேற்றுத்தான் அப்டேட் வந்தது, பெட்டி திரும்பவும் சிவக்கிறது. நான் அடுத்த வருடச் சந்தாவைக் கட்டிவிட்டேன், அது வேறு விஷயம்.