ரிச்சி தெருவில் ஆர்கேட் போர்டு பேட்டரி: எதை வாங்கலாம், எதை விடலாம்

1990-இல் எஸ்என்கே வெளியிட்ட நியோ ஜியோ எம்விஎஸ் வகை ஆர்கேட் வீடியோ கேம் போர்டுகளில் பலவற்றின் ஓரத்தில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பீப்பாய் பேட்டரி ஒன்று ஒட்டியிருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் ஸ்கோரையும் காசுக் கணக்கையும் கடிகாரத்தையும் காப்பது அதன் வேலை. இத்தனை வருடத்தில் அது செத்திருக்கும், இல்லையென்றால் கசிந்து பக்கத்துத் தடங்களைத் தின்றிருக்கும். மாற்றுக்குச் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால் நாலு வகை காட்டுவார்கள். நாலையும் இந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துப் பார்த்தது இது.

அதே பீப்பாய் வடிவ நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேக், 3.6 வோல்ட். அளவு அப்படியே பொருந்தும், போர்டின் சார்ஜ் சர்க்யூட்டும் ஏற்றும். ஆனால் வீட்டில் மாதம் ஒருமுறை போடும் மெஷினுக்கு இது உதவாது. சும்மா இருந்தாலே தானாக இறங்கும். இறங்கியே கிடந்தால் பழையது போலவே காரம் கக்கும். வேண்டாம்.

எல்ஐஆர்2032 என்ற சார்ஜ் ஏறும் பொத்தான் செல்லை "இதுதான் சார் கரெக்ட்" என்று தருவார்கள். அது சார்ஜை 4.2 வோல்ட்டில் நிறுத்த வேண்டிய லித்தியம்-அயன். எம்விஎஸ் போர்டில் அப்படி நிறுத்த எதுவும் இல்லை. இதுவும் வேண்டாம்.

இஆர்14250, அதாவது அரை ஏஏ அளவு 3.6 வோல்ட் லித்தியம் செல், நல்ல சரக்கு. 1200 மில்லிஆம்பியர்-மணி வரும். எம்விஎஸ்ஸுக்கு இது தேவைக்கு மேல். கேப்காமின் சிபிஎஸ்-2 ஆர்கேட் மெஷினில் கேம் இருக்கும் பி-போர்டுக்குத்தான் இது சரியான ஜோடி. சால்டர் செய்ய டேக் வைத்த செல்லையே கேட்டு வாங்குங்கள். மொட்டைச் செல்லில் நேரடியாக இரும்பை வைப்பது ஆபத்து.

எம்விஎஸ்ஸுக்கு எங்கள் தேர்வு சாதாரண சிஆர்2032 பொத்தான் செல், ஒரு ஹோல்டர், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு 1என்4148 டயோடு. சிஆர்2032 சார்ஜ் ஏற்றக் கூடாத செல் என்பதால் டயோடு கட்டாயம்: கோடு போட்ட முனை போர்டு பக்கம், மறுமுனை செல்லின் பிளஸ் பக்கம். டயோடு 0.4 வோல்ட் போலத் தின்றாலும் 2.6 மிஞ்சும், ஸ்கோரை வைத்திருக்கும் எஸ்ரேம் மெமரி சிப்புக்கு நினைவைக் காக்க 2 வோல்ட் போதும். டயோடு கேட்டால் சில கடைகளில் 1என்5819 எடுத்துத் தருவார்கள், "இது இன்னும் பெட்டர்" என்ற சிபாரிசோடு. பவர் சப்ளைக்கு அது சரி, இங்கே தப்பு. அது ஷாட்கி வகை டயோடு, ரிவர்ஸில் கசியும்: 1என்5819-க்கு டேட்டா ஷீட் 40 வோல்ட்டில் 1 மில்லிஆம்பியர் வரை விட்டுக்கொடுக்கிறது. 1என்4148-க்கு 20 வோல்ட்டில் 25 நானோஆம்பியர்தான்.

ஹோல்டரைப் போர்டின் மேல் ஒட்டாதீர்கள். ஒரு சாண் வயர் விட்டுக் கேபினெட் மரத்தில் திருகிவிட்டால், நாளைக்கு எது கசிந்தாலும் போர்டுக்கு ஒன்றும் ஆகாது.

இனி முக்கியமான விஷயம். புதுச் செல்லும் மூன்று மாதத்தில் தீர்ந்தால் செல்லைக் குறை சொல்லிப் பயனில்லை. சிஆர்2032-இல் இருப்பது சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி. போர்டு 10 மைக்ரோஆம்பியர் இழுத்தால் இரண்டரை வருடம் வரும். 100 இழுத்தால் மூன்று மாதம், 1 மில்லிஆம்பியர் இழுத்தால் ஒன்பது நாள். அளக்க 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும். மெயின் கரண்டை எடுத்துவிட்டு, செல்லின் பிளஸ் வயரில் அதைத் தொடராகப் போட்டு, அதன் இரு முனைக்கும் நடுவே மில்லிவோல்ட் பாருங்கள். 1 மில்லிவோல்ட் என்றால் 1 மைக்ரோஆம்பியர். பிறகு போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்து அதே இடத்தில் மறுபடி பாருங்கள்: குறி மாறி மைனஸ் காட்டினால் செல்லுக்குள் சார்ஜ் ஏறுகிறது, டயோடு தலைகீழாக இருக்கிறது அல்லது கசிகிறது.

அளவு கூடுதலாக வந்தால் முதல் சந்தேகம் பழைய பேட்டரி கக்கிய காரத்தின் மேல். அந்தக் கறை ஈரத்தை உறிஞ்சி மின்சாரம் கடத்தும். சென்னைக் கடற்காற்றில் அதற்கு ஈரப் பஞ்சமே இல்லை. அடுத்த சந்தேகம், பேட்டரித் தடத்தையும் 5 வோல்ட்டையும் பிரிக்கும் டயோடு அல்லது டிரான்சிஸ்டர். முன்பு யாராவது அங்கே ஷாட்கி வைத்திருந்தால் செல் மொத்தப் போர்டுக்கும் மின்சாரம் ஊட்டிக்கொண்டிருக்கும், கத்தரி வெயிலில் இன்னும் வேகமாக. இரண்டில் எது என்று பிரிக்க ஹேர் டிரையர் உதவும். அந்த இடத்தை மிதமாகச் சூடாக்கி மீட்டரைப் பாருங்கள்: அளவு இறங்கினால் ஈரக் கறை, ஏறினால் டயோடோ ஐசியோ.

கறையென்றால் சமையலறை வினிகரைப் பிரஷ்ஷால் தடவி, நுரை அடங்கியதும் தண்ணீரில் கழுவி, கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹால். நன்றாகக் காய்ந்த பிறகே மறுபடி அளக்க வேண்டும்.

அதிலும் குறையவில்லையா? 62256 வகை எஸ்ரேமின் 20-ஆம் காலை, அதாவது சிப்பை எழுப்பும் காலை, பாருங்கள். கரண்ட் இல்லாதபோது அது சிப்புக்குக் கரண்ட் வரும் 28-ஆம் காலின் வோல்ட்டேஜுக்கு 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இறங்கியிருந்தால் சிப் தூங்கவில்லை, விழித்துக்கொண்டு செல்லைக் குடிக்கிறது. அந்தக் காலுக்கு வரும் தடம், புல்-அப் ரெசிஸ்டர், கேட் ஐசி மூன்றையும் சோதியுங்கள். பேட்டரியில் ஓடும் கேட் ஐசி 74எச்சி வகையாக இருக்க வேண்டும். ரிப்பேரில் யாராவது 74எல்எஸ் மாட்டியிருந்தால் அது மில்லிஆம்பியர் கணக்கில் இழுக்கும். கால் சரியாக இருந்தும் இழுத்தால் அதே தடத்தில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஒரு காலைத் தூக்கிப் பாருங்கள். ரேமை மாற்றுவது கடைசி வேலை. வாங்கும்போது எண்ணின் பின்னால் எல்எல் அல்லது எஸ்எல் எழுத்து உள்ள குறைந்த மின் ரகமாகப் பாருங்கள்.

கடையில் சிஆர்2032-ஐச் சோதிக்க மீட்டரையும் அதே 1 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் எடுத்துப் போங்கள். புதுச் செல் சும்மா 3.2 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். ரெசிஸ்டரைக் குறுக்கே பத்து விநாடி வைத்தால் 3-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் திருப்பிக் கொடுங்கள், பில் போடுவதற்கு முன்பே.

சிபிஎஸ்-2 வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன எந்தச் சோதனைக்கும் செல்லைக் கழற்றாதீர்கள். அங்கே பேட்டரி காப்பது ஸ்கோரை அல்ல, கேமைத் திறக்கும் சாவியை. புது இஆர்14250-ஐ 1என்4148 வழியாகப் பழையதோடு பேரலலாக இணைத்த பிறகே பழையதை எடுங்கள். சாவி போய்விட்டால் ஆர்டுவினோ என்ற சிறு கன்ட்ரோலர் போர்டு மூலம் திரும்ப எழுத இப்போது வழி உண்டு, ஆனால் அது தனி வேலை.