9.9 எச்.பி. எஞ்சினை 15 ஆக்கித் தர்றோம்னு சொல்ற பட்டறைகிட்ட ஜாக்கிரதை: 38,500 ரூபாய் போச்சு

பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் (படகுக்குப் பின்னால வெளிய மாட்டுறது) வச்சிருக்கிற வள்ளக்காரங்க எல்லாரும் இதைப் படிங்க. துறைமுகத்துப் பக்கத்துல இருக்கிற ஒரு எஞ்சின் பட்டறை, "மண்ணெண்ணெய் 9.9-ஐ 15 எச்.பி. ஆக்கித் தர்றோம்"னு 38,500 ரூபாய் வாங்கிட்டு, நல்லா ஓடிட்டிருந்த எஞ்சினைக் கெடுத்துக் குடுத்திருக்கு. பேர் போடல. இதே வேலையைச் செய்யுற பட்டறை கரையோரத்துல இன்னும் இருக்கு, அதனால வேலையைப் பத்தி எழுதுறேன். எஞ்சினைக் குடுக்கறதுக்கு முன்னால என்னென்ன பார்க்கணும்னு கடைசியில சொல்றேன்.

இந்த ஏமாத்து வேலை எடுபடக் காரணமே அதுல பாதி உண்மை இருக்கறதுதான். யமஹா டூ-ஸ்ட்ரோக்ல 9.9-ம் 15-ம் ஒரே 246 சிசி, 56 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 50 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் போற தூரம்). அந்தக் காலத்து ஜான்சன், எவின்ரூட்லயும் இப்படித்தான், ரெண்டுக்கும் ஒரே பிளாக். முக்கியமான வித்தியாசம் காத்தையும் எரிபொருளையும் கலக்குற கார்புரேட்டர்ல இருக்கு. 15-ல அதோட தொண்டை பெருசு, காத்து கூடுதலா போகும், அதுக்கேத்த ஜெட் (எரிபொருள் வர்ற சின்ன ஓட்டை) இருக்கும். மாடலைப் பொறுத்து ரீட் வால்வு, எக்ஸாஸ்ட்டும் மாறும். அதனால 15-க்கான முழு கார்புரேட்டரை அதுக்குரிய ஜெட்டோட மாட்டினா பெட்ரோல் எஞ்சின்ல பவர் நிஜமாவே ஏறும். பட்டறைக்காரன் பார்ட்ஸ் புத்தகத்தை விரிச்சு, ரெண்டு மாடலுக்கும் பிஸ்டன் நம்பர் ஒண்ணா இருக்கறதைக் காட்டி, "அண்ணே, கம்பெனிக்காரன் பூட்டி வச்சிருக்கான், நாங்க திறந்து விடுறோம், அவ்வளவுதான்"னு சொன்னான். பிஸ்டன் நம்பரைக் கண்ணால பார்த்த பிறகு சந்தேகப்பட என்ன இருக்கு? 20,000 ஜிபேல போச்சு, மீதி 18,500 கையில. மொத்தம் 38,500 ரூபாய். "ஒரிஜினல் 15 கார்புரேட்டர் செட்"டுக்கு மட்டும் அதுல 22,000னு கணக்கு சொன்னான்.

டெலிவரி அன்னைக்குத் தண்ணி ட்ரம்ல எஞ்சினை இறக்கி, பிளக் வயர்ல சுத்தி மாட்டுற, நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு காட்டுற சின்ன டேக்கோமீட்டரை வச்சு முறுக்கினான். 6,000 காட்டுச்சு. "பாருங்க, 15"ன்னான். ட்ரம் தண்ணி நுரைச்சுப் போயிடும், புரொப்பல்லர் காத்துலயும் நுரையிலயும் சும்மா சுத்தும், லோடே கிடையாது. அதுல எந்த எஞ்சினும் 6,000 போகும். அது எச்.பி.க்கு அத்தாட்சியே இல்ல.

கொஞ்ச நாள்லயே கடல்ல ஃபுல் த்ராட்டில்ல போறப்ப மேல் சிலிண்டர் செத்துப்போச்சு. வேற ஒரு மெக்கானிக் பிரிச்சதும் எல்லாம் வெளிய வந்துச்சு. புது கார்புரேட்டரே கிடையாது. பழைய 9.9 கார்புரேட்டரோட தொண்டையை லேத்துல குடைஞ்சிருக்கான், உள்ள வெட்டின கோடு அப்படியே தெரியுது. பக்கவாட்டு நம்பரை அரம் போட்டு அழிச்சிருக்கான். மெயின் ஜெட் அதே பழைய ஜெட். ஹெட்டை (சிலிண்டரோட மேல் மூடி) 1 மி.மீ. சீவியிருக்கான். எஞ்சினோட வெளி மூடியில (கவுல்) "15" ஸ்டிக்கர்.

இது ஏன் எஞ்சினைக் கொல்லும்னு புரிஞ்சுக்கங்க. தொண்டையைப் பெருசாக்கி ஜெட்டை அப்படியே விட்டா காத்து அதிகமாகும், எரிபொருள் அதிகமாகாது. கலவை லீன் ஆகும், அதாவது எரிபொருள் பத்தாம போகும், சூடு ஏறும். டூ-ஸ்ட்ரோக்ல ஆயிலும் எரிபொருளோடதான் உள்ள வருது. எரிபொருள் குறைஞ்சா ஆயிலும் குறையும். அதிகச் சூடு, குறைஞ்ச ஆயில், ரெண்டும் ஒரே நேரத்துல பிஸ்டனைப் பிடிக்குது.

ஹெட் சீவினது அதைவிடப் பெரிய அநியாயம். மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் குறைவு, சீக்கிரம் நாக் அடிக்கும், அதாவது அழுத்தத்துல தாறுமாறா வெடிச்சு எரியும். அதனாலதான் மண்ணெண்ணெய் மாடல்ல கம்ப்ரஷனைக் கம்பெனியே குறைச்சு வைக்குது. ஒரு சிலிண்டருக்கு 123 சிசி. 56 மி.மீ. போர்ல 1 மி.மீ. சீவினா அறையில கிட்டத்தட்ட 2.5 சிசி குறையும். கம்ப்ரஷன் 7-க்கு 1 இருந்த எஞ்சின் 7.8-க்குப் போயிடும். பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்றப்ப சத்தம் நல்லாத்தான் இருக்கும். மண்ணெண்ணெய்க்கு மாத்தி லோடுல முறுக்கினா நாக் அடிக்கும், அவுட்போர்டு சத்தத்துல அது காதுல விழாது. பிஸ்டன் ஓரம் எக்ஸாஸ்ட் பக்கம் அரிச்சு, ரிங் ஒட்டி, சுவர்ல கோடு விழுந்திருக்கு. சிலிண்டரைக் குடைஞ்சு 0.25 மி.மீ. பெரிய பிஸ்டன் (ஓவர்சைஸ்) போட்டா அடங்காது, 0.50 போகணும்.

திருப்பிக் கேட்டா முதல் பதில் "ஆயில் சரியா கலந்திருக்க மாட்டீங்க". 50-க்கு 1 அளந்து கலந்தது. அடுத்து "மண்ணெண்ணெய்ல தண்ணி". எரிபொருள்ல இருந்து தண்ணியைப் பிரிக்கிற பிரிப்பான்ல சொட்டுத் தண்ணி இல்ல. அப்புறம் "மெக்கானிக் ஊருக்குப் போயிருக்கான், திங்கக்கிழமை வாங்க". கார்புரேட்டர் போட்டோ அனுப்பினா ப்ளூ டிக் விழுது, பதில் இல்ல. நேர்ல போய் நின்னா, "பில்லுல எஞ்சின் சர்வீஸ்னுதானே இருக்கு, 15னு எங்க எழுதியிருக்கு?" இதைச் சொல்லத்தான் அந்தத் துண்டுச் சீட்டையே அப்படி எழுதியிருக்கான். 38,500 ரூபாய்! அதோட போர், பிஸ்டன், ரிங், கேஸ்கெட் செலவு தனி, அந்த நாள் தொழிலும் போச்சு.

பார்க்க வேண்டியது, அவசரமா எழுதுறேன்:

மண்ணெண்ணெய் எஞ்சின்ல ஹெட் சீவலாம்னு சொன்னா அந்த இடத்துலயே எஞ்சினைத் தூக்கிட்டு வந்துடுங்க.

ட்ரம்ல பார்க்காதீங்க, கடல்ல வழக்கமான லோடோட பாருங்க. அதே புரொப்பல்லர்ல முன்னாடி நிமிஷத்துக்கு 4,800 சுத்தினது நிஜமாவே 15 ஆனா 5,500-ஐத் தொடணும். தொடலன்னா பவர் ஏறல.

ஃபுல் த்ராட்டில்ல ஓட்டி உடனே நிறுத்தி பிளக்கைக் கழட்டுங்க. பழுப்பா இருந்தா சரி. வெள்ளையா இருந்தா லீன். அலுமினியப் பொட்டு ஒட்டியிருந்தா மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க.

குடுக்கறதுக்கு முன்னால கம்ப்ரஷன் கேஜ் வச்சு ரெண்டு சிலிண்டரோட அழுத்தத்தையும் அளந்து எழுதி வாங்குங்க. பத்து சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணணும், பவர் பேச்சே வேண்டாம்.

எச்.பி. மாறினா படகுப் பதிவு, இன்சூரன்ஸ் ரெண்டுலயும் கேட்டுக்கங்க.

பில்லுல என்ன வேலை, எந்தப் பார்ட் நம்பர்னு எழுதச் சொல்லுங்க. ஏமாந்தவங்க 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிவு பண்ணுங்க. கழட்டின பழைய கார்புரேட்டர் உங்க கைக்கு வராம மீதிப் பணத்தைக் குடுக்காதீங்க.