கிராஸ்செக்: இலவசமானாலும் வாங்கக்கூடாத சரக்கு

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம் 2005இல் தொடங்கி மற்ற மாநிலங்களுக்கு இலவசமாகக் கொடுத்த, மாநிலங்களின் வாக்காளர் பட்டியல்களை ஒப்பிடும் சேவை கிராஸ்செக். இரண்டு மாநிலத்திலும் ஓட்டுப் போடுகிறவர்களைப் பிடிக்கும் என்று பேச்சு. சிக்கியவர்களில் பெரும்பாலோர் வீடு மாறியவர்களும் ஒரே பெயர்க்காரர்களும்தான்.

ஜனவரி தோறும் உறுப்பு மாநிலங்கள் வாக்காளர் பட்டியலை முழுசாக ஏற்றும். இரண்டு மாநிலப் பதிவுகளில் முதல் பெயர், குடும்பப் பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போனால் அந்த ஜோடி சந்தேகப் பட்டியலில் வந்துவிடும். நடுப்பெயரும் சமூகப் பாதுகாப்பு எண்ணின் (அமெரிக்கர்களுக்கு அரசு தரும் தனி எண்) கடைசி நான்கு இலக்கமும் கோப்பில் இருந்தாலும், ஜோடி சேர்க்க அவை தேவையில்லை. கோளாறு அங்கேதான். ஐம்பது வருட இடைவெளிக்குள் பிறந்த, ஒரே பெயர்கொண்ட 180 பேரை எடுங்கள். யாரோ இருவருக்கு நாள், மாதம், வருடம் மூன்றும் ஒன்றாக இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. மைக்கேல் ஸ்மித்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் நாடு அது!

ஜோடியில் பழைய பதிவை நீக்கும் வழியையும் கிராஸ்செக் பரிந்துரைத்தது. அயோவா தரவை வைத்து 2020இல் வெளியான ஆய்வின்படி, அப்படி நீக்கினால் ஒரு இரட்டை ஓட்டைத் தடுக்கச் சுமார் 300 நியாயமான ஓட்டுகளுக்கு இடைஞ்சல் வரும். அந்த ஒன்றிலும் சந்தேகம் உண்டு: வாக்குச்சாவடி ஏட்டில் ஊழியர் பக்கத்து வரியில் குறி போட்டுவிட்டால், வீட்டில் இருந்தவரும் ஓட்டுப் போட்டவராகிவிடுவார்.

இந்தச் சரக்கோடு கன்சாஸ் 2015இல் இன்னொன்றைச் சேர்த்தது. அப்போதைய மாநிலச் செயலர் கிரிஸ் கோபாக்குக்கு, அதாவது தேர்தலை நடத்தும் குடியரசுக் கட்சிக்காரருக்கே, தேர்தல் குற்ற வழக்குப் போடும் அதிகாரம். பட்டியல் எடுப்பவர், மோசடி மலிந்துவிட்டது என்று மேடையில் பேசுபவர், குற்றம் சாட்டுபவர் மூவரும் ஒரே ஆள். சுமார் 18 லட்சம் வாக்காளர் உள்ள மாநிலத்தில் 2017 வரை தண்டனை பெற்றவர்கள் 9 பேர். வழக்கமான கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அரசு வழக்கறிஞர்களே இதைச் செய்திருக்கலாம்.

பாதுகாப்பும் மோசம். புளோரிடாவுக்குப் போன தகவலிலிருந்து 945 கன்சாஸ் வாக்காளர்களின் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி இலக்கங்கள் வெளியே போயின. வழக்கு வந்து, 2019இல் சமரசத்தில் சேவை நின்றது.

மாற்று, 2012இல் 7 மாநிலங்கள் சேர்ந்து பட்டியல்களை ஒப்பிடத் தொடங்கிய எரிக் (ERIC) என்ற அமைப்பு. சேர 25,000 டாலர், பிறகு ஆண்டுச் சந்தா. ஓட்டுநர் உரிமத் தரவையும் சேர்த்துப் பார்ப்பதால் ஒருவரை இன்னொருவர் என்று தவறாக ஜோடி சேர்ப்பது குறைவு. காசுக்கு ஏற்ற பொருள். ஆனாலும் 2022, 2023இல் குடியரசுக் கட்சியினர் கையிலிருந்த 9 மாநிலங்கள் விலகின. அவற்றில் சில, மாநிலத்துக்கு மாநிலம் தனி ஒப்பந்தம் போடுகின்றன. அதில் உரிம எண்ணையும் ஒப்பிடுகிறார்களா என்பதை முதலில் கேளுங்கள்.